ஓபர்ஸ்ட்லாய்ட்னன்ட்

ஓபர்ஸ்ட்லாய்ட்னன்ட் என்பது ஜெர்மன் தரைப்படையிலும் விமானப்படையிலும் மேஜருக்கு மேலும், ஓபர்ஸ்ட் எனப்படும் கர்னலுக்குக் கீழும் உள்ள அதிகாரிப் பதவி. இந்திய ராணுவத்தின் லெப்டினன்ட் கர்னலுக்கு நிகரானது. கடற்படையில் இதற்கு இணையானவர் ஃபிரிகாட்டன்கபிட்டேன். இன்றைய சீருடையில் ஓக் இலை வளைவுடன் கூடிய இரண்டு வெள்ளி நட்சத்திரங்கள் இப்பதவியைக் காட்டும். மேஜருக்கு ஒன்று, ஓபர்ஸ்டுக்கு மூன்று. பட்டாலியன்களுக்குப் பெரும்பாலும் இவர்களே தளபதிகள். ஆனால் இப்பதவியில் உள்ள பலர் தலைமையகங்களிலும் பாதுகாப்பு அமைச்சகத்திலும் கோப்புகளோடு பணியாற்றுகிறார்கள்.

பழைய கூலிப்படைகளில் ரெஜிமென்ட் என்பது ஓபர்ஸ்டின் சொத்து. அவர் களத்தில் இல்லாதபோது அதை நடத்திச்செல்லும் பதிலாளாகத் தோன்றிய பதவி இது. மேலிடத்தில் ஆள் இல்லாத நேரத்தில் முடிவெடுக்கும் சுமை பின்னரும் இவர்கள்மேல் விழுந்ததுண்டு.

முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 8 அன்று ஜெர்மன் தலைமைத் தளபதி மோல்ட்கே, தம் உளவுப் பிரிவை நடத்திய ரிச்சர்ட் ஹென்ச் என்னும் ஓபர்ஸ்ட்லாய்ட்னன்டை லக்சம்பர்கிலிருந்து பிரான்சின் மார்ன் போர்முனைக்குக் காரில் அனுப்பினார். கையில் எழுத்து மூலமான ஆணை எதுவும் இல்லை. ஜெர்மனியின் முதலாம், இரண்டாம் படைகளுக்கு நடுவே பெரிய இடைவெளி விழுந்து, பிரிட்டிஷ் துருப்புகள் அதனுள் முன்னேறிக்கொண்டிருந்தன. இரண்டாம் படையின் தளபதி பியூலோ பின்வாங்கும் மனநிலையில் இருந்தார். மறுநாள் முதலாம் படைக்குப் போன ஹென்ச், அதன் தளபதி குளுக்கைச் சந்திக்கவே இல்லை. தலைமைப் பணியக அதிகாரி கூலுடன் பேசி, மோல்ட்கேயின் பெயரால் பின்வாங்கச் சொன்னார். பாரிஸ் கைநழுவியது. அந்தப் பழி நெடுங்காலம் ஹென்ச் தலையில் விழுந்தது நியாயமல்ல; அதிகாரத்தை மீறவில்லை என்று 1917இல் நடந்த விசாரணை அவரை விடுவித்தது.

கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல்துறையான ஸ்டாசியிலும் இப்பதவி இருந்தது. 1989 நவம்பர் 9 இரவு, பெர்லினின் போர்ன்ஹோல்மர் சாலைச் சோதனைச் சாவடியில் பொறுப்பில் இருந்த ஹரால்ட் யேகர் ஓர் ஓபர்ஸ்ட்லாய்ட்னன்ட். மேற்கு பெர்லினுக்குச் செல்ல வாயிலில் கூட்டம் பெருகப் பெருக, மேலதிகாரிக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் பேசினார். தெளிவான ஆணை வரவில்லை. இரவு 11.30 மணியளவில் தடுப்பைத் திறக்கச் சொன்னார். துப்பாக்கி ஏந்திய காவலர்கள் உடனிருந்தும் ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. அவருடைய பணி வாழ்வில் அதுவே பெரிய செயல்.

1990இல் கிழக்கு ஜெர்மன் படை கலைக்கப்பட்டது. ஒன்றிணைந்த ஜெர்மனியின் ராணுவமான புண்டஸ்வேரில் இப்பதவி இன்றும் தொடர்கிறது.