எண்கோண வெட்டும் மதிப்பீடும்: 1854ஆம் ஆண்டு நான்கு அணா அஞ்சல்தலை குறித்து ஒரு மறுப்பு

கிழக்கிந்தியக் கம்பெனி 1854 அக்டோபரில் வெளியிட்ட நான்கு அணா அஞ்சல்தலை எண்கோணச் சட்டகத்தை ஒட்டி வெட்டப்பட்டிருந்தால், அதைச் சேதமுற்ற பிரதியாகக் கொண்டு விலையைக் குறைப்பது நெடுநாள் வழக்கம். நாற்புறமும் வெள்ளை விளிம்போடு சதுரமாக எஞ்சியதே அதன் மூல வடிவம் என்றும், எண்கோணமாக எஞ்சியவை விளிம்பின் அருமை அறியாத கைகள் சிதைத்தவை என்றும் ஓர் ஆய்வு மரபு சொல்லி வந்திருக்கிறது. ஏலப் பட்டியல்களும் விலைக் கையேடுகளும் அதையே வழிமொழிகின்றன. இக்கட்டுரை அந்த முடிவை ஏற்கவில்லை. எண்கோண வெட்டு பெரும்பாலும் மடல் அஞ்சலில் சேர்வதற்கு முன்பே நிகழ்ந்தது; அது சேகரிப்பாளர் செய்த சேதமன்று, அஞ்சல் பயன்பாட்டின் ஒரு பகுதி. இதை எல்லாப் பிரதிகளுக்கும் நிறுவ இயலாது. ஆனால் நிறுவ இயலும் இடங்களில் சான்று ஒரே பக்கமே சாய்கிறது.

முதலில், அந்த அஞ்சல்தலையை வாங்கியவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். 1854இன் 17ஆம் சட்டம் தூரக் கணக்கை நீக்கி எடைக் கணக்கை நிறுவியது. கால் தோலா வரை அரை அணா, அரை தோலா வரை ஓரணா, ஒரு தோலா வரை இரண்டு அணா, ஒன்றரை தோலா வரை மூன்று அணா, இரண்டு தோலா வரை நான்கு அணா என்பது மடலுக்கான கட்டணம். ஆகவே நான்கு அணா என்பது கனத்த மடலுக்கும் கடல் கடந்து செல்லும் மடலுக்கும் உரிய தொகை. அதைக் கொடுத்து வாங்கியவர்கள் வணிக நிறுவனங்கள், வழக்கறிஞர்கள், அரசு அலுவலர்கள், படை அதிகாரிகள் ஆகியோர். அதாவது, அன்றைய சமூகத்தில் அஞ்சலோடு மிகுந்த பழக்கமுடையோர். எண்கோண வெட்டை அறியாமையின் விளைவாகக் காட்டும் வாதம் இந்த இடத்திலேயே தளர்ந்துவிடுகிறது. கால் ரூபாய் விலையுள்ள ஒரு துண்டுத்தாளை அன்றாடம் கையாண்டவர்களுக்கு அதைக் கையாளத் தெரியவில்லை என்பது, ஆதாரம் கேட்கப்படாமலே நிலைபெற்றுவிட்ட கூற்று.

அடுத்து, அத்தலையின் அமைப்பு. கல்கத்தாவில் கேப்டன் துயிலியரின் பொறுப்பில், நில அளவை அலுவலகக் கல்லச்சில், சிவப்பில் அரசியின் உருவமும் நீலத்தில் சட்டகமும் இருமுறை அச்சாகித் தாள்கள் வெளிவந்தன. தொடக்க அச்சீட்டில் ஒரு தாளுக்கு 12 தலைகளே இருந்தன. அவற்றுக்கிடையே அகன்ற இடைவெளி இருந்தது. துளைக்கோடு கிடையாது. கத்தரி இன்றி ஒரு தலையையும் பிரிக்க முடியாது என்பதால், எப்படி வெட்டுவது என்ற முடிவை ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டியிருந்தது. இதே வெளியீட்டைச் சேர்ந்த அரை அணா, ஓரணாத் தலைகளையும் உடன்வைத்துப் பார்க்கலாம். அவற்றின் சட்டகம் நீள்சதுரம். அவையும் பெரும்பாலும் சட்டகத்தை ஒட்டியே வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் நெருக்கமான வெட்டுக்குக் குறுகிய இடைவெளியைக் காரணம் சொல்லலாம். இடம் தாராளமாக இருந்த நான்கு அணாத் தாளிலும் கத்தரி சட்டகத்தையே பின்தொடர்ந்தது என்றால், காரணம் இடநெருக்கடி அன்று, பழக்கம். அச்சான உருவம் எங்கே முடிகிறதோ அங்கே தலையும் முடிகிறது என்று அன்றைய பயனர் கருதினார். நீள்சதுரச் சட்டகத்தில் அப்பழக்கம் நீள்சதுரத்தையும் எண்கோணச் சட்டகத்தில் எண்கோணத்தையும் தந்தது. ஒன்றைக் குறுகிய விளிம்பு என்றும் மற்றதைச் சிதைவு என்றும் பிரித்துப் பேசுவதற்கு இப்பொருள்களில் ஆதாரமில்லை.

இவை சூழ்நிலைச் சான்றுகள் மட்டுமே என்று ஒருவர் சொல்லலாம். நேரடிச் சான்று மடலுறைமீது இருக்கிறது. இக்கட்டுரை அதன் வாசிப்பையே முதன்மையாக நம்பியுள்ளது. எண்கோணமாக வெட்டிய நான்கு அணாத் தலை இன்றும் ஒட்டிய இடத்திலேயே நிற்கும் உறைகள் உள்ளன. அவற்றில் கவனிக்க வேண்டியது தலையின் நடுப்பகுதியன்று, வெட்டப்பட்ட நான்கு மூலைகள். அக்காலத்து ரத்து முத்திரைகள் பட்டைக்கோடுகளால் ஆனவை. சென்னை மாகாண அலுவலகங்கள் பயன்படுத்திய, ‘சி’ என்ற எழுத்தும் அலுவலக எண்ணும் கொண்ட முத்திரையும் அவ்வகையே. இத்தகைய முத்திரை தலையின் ஓரத்தில் விழுந்தால், அதன் கோடுகள் தலையைத் தாண்டி உறைக்கும் ஓடும். தலை முதலில் சதுரமாக ஒட்டப்பட்டு முத்திரை பெற்று, பின்னர் ஒரு சேகரிப்பாளரால் உறைமீதே மூலை நீக்கப்பட்டிருந்தால், மூலை இருந்த முக்கோண இடத்தில் மை இருக்காது. மை மூலையோடு போயிருக்கும். கோடு வெட்டு விளிம்பில் அறுந்து, சற்றுத் தள்ளி உறையில் மீண்டும் தொடங்கும். எண்கோணமாகவே ஒட்டப்பட்டிருந்தால் கோடு வெட்டு விளிம்பிலிருந்து இடைவிடாமல் உறைக்கு இறங்கியிருக்கும். மூலை இருந்திருக்க வேண்டிய இடத்தில் உறையின் தாளே மையைப் பெற்றிருக்கும். முத்திரை மூலையைத் தொட்டிருக்கும் உறைகளில் நாம் தேட வேண்டியது இந்த வேறுபாட்டை. மை தொடர்ச்சியாக இருந்தால், வெட்டு முத்திரைக்கு முந்தியது. வெட்டியவர் மடலை அனுப்பியவரா, அலுவலக எழுத்தரா, தலையை விற்றவரா என்பது இவ்வாதத்துக்குத் தேவையில்லை. மூவரில் எவராயினும் அது பயன்பாட்டின் கத்தரியே.

உறையிலிருந்து பிரிந்த தலைகளில் இச்சோதனை செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1860களில் அச்சிட்ட ஆல்பங்கள் பரவியபோது, கட்டத்துக்கு இசையத் தலைகளை நறுக்கிய சேகரிப்பாளர்கள் ஐரோப்பாவில் இருந்தனர். எண்கோண நான்கு அணாக்களில் சில அவர்களிடம் வடிவம் பெற்றவையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சிலவற்றுக்காக அனைத்தையும் சேதம் என்று குறிப்பது, சான்று பேசும் இடத்திலும் அதன் வாயை அடைப்பதாகும்.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அமெரிக்கச் சேகரிப்பு மரபு தெளிவான விடை தருகிறது. அமெரிக்காவின் முதல் பொது வெளியீடான 1847ஆம் ஆண்டு 5 சென்ட் ஃபிராங்க்ளின், 10 சென்ட் வாஷிங்டன் தலைகளும் துளைக்கோடு இல்லாதவை. அவற்றின் விலையில் நான்கு விளிம்பும் முழுமையாக இருப்பது பெரும்பங்கு வகிக்கிறது. அதைவிட நெருங்கிய ஒப்புமை, 1853 முதல் நெஸ்பிட் நிறுவனம் தயாரித்த, தலை பொறித்த உறைகள். அவற்றிலிருந்து சதுரமாக வெட்டியெடுத்த துண்டுக்கு ஒரு விலை; பொறிப்பின் ஓரத்தை ஒட்டி வடிவமாக வெட்டியதற்கு அதில் சிறு பகுதியே கிடைக்கும். அந்த நாட்டில் இந்த விலைக்குறைப்பு நியாயமானது. உறையிலிருந்து வெட்டியெடுத்த பொறிப்பு அக்காலத்தில் அஞ்சலுக்குச் செல்லாது. ஆகவே வெட்டியவர் சேகரிப்பாளராகவே இருந்திருக்க வேண்டும், வெட்டு பயன்பாட்டுக்குப் பிந்தியதாகவே இருக்க வேண்டும். இந்தியத் தலையில் நிலைமை நேர் எதிரானது. அங்கே வெட்டு பயன்பாட்டை அழித்தது. இங்கே வெட்டாமல் பயன்பாடே இல்லை. காலத்தாலும் காரணத்தாலும் வேறான இரு செயல்களுக்கு ஒரே தண்டனை விதிப்பது மதிப்பீட்டு முறை ஆகாது.

தன் அளவுகோலைச் சந்தையே முழுமையாக நம்பவில்லை என்பதற்கு இதே நான்கு அணாவின் புகழ்பெற்ற பிழை சாட்சி. அரசியின் உருவம் தலைகீழாக நிற்கும் இப்பிரதிகளில் முப்பதுக்கும் குறைவானவையே அறியப்பட்டுள்ளன. உருவம் முதலிலும் சட்டகம் பின்னரும் அச்சாயின என்பதால், உண்மையில் கவிழ்ந்தது சட்டகமே. இவற்றில் மிகச் சில நீங்கலாக எல்லாம் எண்கோணமாக வெட்டப்பட்டவை. ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியலும் இப்பிழையை எண்கோண வடிவிலேயே விலையிடுகிறது. சாதாரணப் பிரதியில் குறையாகும் வெட்டு, அரிய பிரதியில் பொறுக்கத்தக்க இயல்பாகிறது. 1856ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் செந்தலையும் மூலைகள் வெட்டப்பட்டு எண்கோணமாக எஞ்சிய ஒரே பிரதி. 2014இல் ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கும் 2021இல் ஏறத்தாழ 83 லட்சம் டாலருக்கும் அது விலைபோனது. மூலை இல்லாமை அதன் தகுதியைக் குறைத்ததாக எவரும் வாதிடவில்லை. அருமை மிகுந்த இடத்தில் கைவிடப்படும் ஒரு நெறி, அருமை குறைந்த இடத்தில் மட்டும் கடைப்பிடிக்கப்படுகிறது. அது நெறியன்று, வசதி.

மறுப்புகளில் கனமானது ஒன்றே. விளிம்பு போனால் தலைகளுக்கிடையே இருந்த இடைவெளியின் அளவு போய்விடுகிறது. 12 தலைத் தாளா, 1855இல் வந்த நெருக்கமான 24 தலைத் தாளா என்று விளிம்பைக்கொண்டு காண முடியாது. இது மெய்யான இழப்பு. ஆயினும் உருவத்தின் அச்சுவகை, சட்டகத்தின் அச்சுவகை, வண்ணச் சாயல் ஆகிய மூன்றும் எண்கோணத்துக்குள்ளேயே உள்ளன. பெரும்பாலான பிரதிகளின் அச்சீட்டை இனங்காண அவை போதும். சதுரமே அழகு என்ற வாதத்துக்கு விடை வேண்டியதில்லை. அழகுக்குக் கூடுதல் விலை தர விரும்புபவர் தரலாம். அதை வரலாற்றுத் தீர்ப்பாக எழுதக் கூடாது. வாங்குபவர் தருவதே மதிப்பு என்ற வாதமும் அப்படியே. வாங்குபவர் பட்டியலைப் படித்துவிட்டே வருகிறார்; பட்டியல் தவறினால் விலையும் தவறும்.

சென்னைக்கு இது ஏட்டளவிலான விவாதமன்று. தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கம் 1956 முதல் இங்கே இயங்குகிறது. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வீடுகளில் தலைமுறை கடந்து வந்த மடற்கட்டுகளுக்கு இன்றும் மதிப்பீடு கேட்கப்படுகிறது. பிரம்மஞான சபை 1875இல் நியூயார்க்கில் தோன்றி 1882 இறுதியில் அடையாற்றுக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து அங்கு வந்திருக்கக்கூடிய ஒரு மடலில் அக்கால வெளிநாட்டுக் கட்டணமான 5 சென்ட் தலை இருந்தால், தனியாகப் பிரித்தெடுத்தால் அது மலிந்த தலை; உறையோடு விட்டால் ஒரு தொடர்பின் சான்று. தலையை மட்டும் எடைபோடும் பழக்கம் இரண்டு வகைச் சான்றையும் ஒருசேர அழிக்கிறது. எண்கோணம் குறைவிலை என்று சொல்லப்பட்ட உரிமையாளர், உறையைக் காப்பதற்கும் காரணம் இல்லையென்று தலையை நீரில் ஊறவைத்துப் பிரித்துவிடுகிறார். முடிவைச் சோதிக்கும் ஒரே வழி அத்தோடு மூடிவிடுகிறது.

ஆகவே நான்கு அணாவை விவரிக்கும்போது ‘வடிவமாக வெட்டப்பட்டது’ என்ற ஒற்றைக் குறிப்பைக் கைவிட்டு மூன்று வகைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று முன்மொழிகிறேன்: முத்திரைக்கு முன் வெட்டியது, முத்திரைக்குப் பின் வெட்டியது, தீர்மானிக்க இயலாதது. முதல் வகைக்கு விலைக்குறைப்பு கூடாது. இரண்டாம் வகைக்கு அது தகும். மூன்றாம் வகையில் மதிப்பீட்டாளர் தம் ஐயத்தை எழுத்தில் வைக்க வேண்டும். உறையிலுள்ள எண்கோணப் பிரதிகளின் மூலைகளை நிழற்படமெடுத்து, மைக்கோட்டின் தொடர்ச்சியைக் குறித்துவைத்தாலே இவ்வகைப்பாட்டை இன்றே தொடங்கிவிடலாம். இந்த வாதம் தவறென்று காட்ட விரும்புவோருக்கும் வேண்டியது அதே பதிவுதான்.