நாட்டுத் துப்பாக்கி

நாட்டுத் துப்பாக்கி என்பது குழலின் வாய்வழியே கரிமருந்தும் குண்டும் இட்டு, ஒரு முறைக்கு ஒரு வெடி மட்டும் சுடத்தக்க ஒற்றைக்குழல் துப்பாக்கி ஆகும். காவல்துறை ஆவணங்களில் இது எஸ்.பி.எம்.எல். எனச் சுருக்கமாகக் குறிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மலைப்பகுதிகளிலும் அடிவார ஊர்களிலும் பயிர்க்காவலுக்கும் வேட்டைக்கும் இது பயன்பட்டு வந்துள்ளது. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையில், சுவேத நதிக்கரையில் அமைந்துள்ள தம்மம்பட்டி அத்தகைய ஊர்களுள் ஒன்றாகும்.

அமைப்பு

இத்துப்பாக்கி நீண்ட இரும்புக் குழல், மரக்கட்டை, விசை, சுத்தியல் ஆகிய உறுப்புகளைக் கொண்டது. குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ரைபிள் எனப்படும் துப்பாக்கியின் குழலினுள் குண்டைச் சுழலச் செய்யும் திருகு பள்ளங்கள் உண்டு. நாட்டுத் துப்பாக்கியில் அவை இல்லாமையால், வேட்டைக்குப் பயன்பட்டாலும் இது ரைபிள் வகையைச் சேர்ந்ததன்று. குண்டு நெடுந்தொலைவு நேராகச் செல்லாது. எனவே அண்மையில் உள்ள இலக்கையே சுட இயலும்.

இயங்கும் முறை

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவை கலந்த கரிமருந்து முதலில் குழலினுள் இடப்படுகின்றது. அதன்மேல் நார் அல்லது துணி அடைப்பு வைக்கப்பட்டு, நீண்ட கோலால் கெட்டிக்கப்படுகின்றது. பின்னர் ஈயக் குண்டுகளோ, பால்ரஸ் எனப்படும் சிறு இரும்புக் குண்டுகளோ இடப்பட்டு, மீண்டும் அடைக்கப்படுகின்றன. குழலின் அடிப்பகுதியில் உள்ள துளைமுனையில் கேப்பு பொருத்தப்படும். விசையை இழுத்தவுடன் சுத்தியல் கேப்பின்மேல் விழ, அதில் எழும் தீப்பொறி துளைவழியே சென்று மருந்தைப் பற்ற வைக்கின்றது.

ஒரு வெடிக்குப் பின் இவ்வேலை முழுவதையும் முதலிலிருந்து செய்தல் வேண்டும். ஆகவே முதற்குறி தவறினால் விலங்கு தப்பிவிடும். காயமுற்ற காட்டுப்பன்றி சுட்டவர் மீதே பாயவும் கூடும். கரிமருந்தின் எச்சம் ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்வதால், சுட்டபின் வெந்நீரால் கழுவி எண்ணெய் பூசுதல் இன்றியமையாதது.

ஆபத்துகள்

மருந்தின் அளவு மிகுந்தாலோ, குழல் தரமற்றதாக இருந்தாலோ குழல் வெடித்துச் சுடுபவரின் கையும் கண்ணும் சிதையக்கூடும். கேப்பு வெடித்தும் மருந்து உடனே பற்றாமல் சற்றுப் பிந்தி வெடிப்பதும் உண்டு. மருந்து கெட்டித்த துப்பாக்கியிலிருந்து குண்டை எளிதில் வெளியே எடுக்க இயலாது. அதனை அப்படியே வீட்டில் வைப்பது பெரும் ஆபத்தாகும். இரவு நேரத்தில் புதரில் அசைவு கண்டு, விலங்கு என எண்ணி மனிதரைச் சுட்டுவிட்ட நிகழ்வுகளும் நேர்ந்துள்ளன.

உரிமமும் சட்டமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1878 ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதற்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 13 ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதைத் தனியாகக் குறிப்பிடுகின்றது. காவல்துறையின் விசாரணை அறிக்கையைப் பெற்ற பின்னரே உரிமம் குறித்து முடிவு செய்யப்படும். தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு ஆணையிடப்படுவது வழக்கம்.

2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். உரிமமின்றித் தயாரிப்போருக்குக் குறைந்தது 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை தண்டனை உண்டு. மலைக் கிராமங்களில் உரிமமற்ற துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்குமாறு காவல்துறையினர் அவ்வப்போது அவகாசம் அளிப்பதுண்டு. இதற்கு மாறாக, கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் கொடவர்களுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

பயிர்க்காவலும் வனவிலங்குப் பாதுகாப்பும்

மரவள்ளி, நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகியவற்றைக் காட்டுப்பன்றிகள் தோண்டியும் மிதித்தும் அழிக்கின்றன. ஓர் இரவில் ஒரு கூட்டம் புகுந்தாலே சிறு உழவர் ஒருவரின் பல மாத உழைப்பு வீணாகிவிடும். ஆயினும் துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டையாடும் உரிமை வேறு. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றி உள்ளிட்ட விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கின்றது. 11 ஆம் பிரிவின்படி, மனித உயிருக்கோ நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்ல வனத்துறையின் உரிய அதிகாரி மட்டுமே அனுமதி அளிக்கலாம். ஆகவே பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்றவரும் வெற்று வெடி வெடித்து விலங்கை விரட்டலாமே தவிர, அனுமதியின்றிச் சுட்டுக் கொல்லுதல் குற்றமாகும்.

2025 சனவரியில் தமிழ்நாடு அரசு இச்சிக்கலுக்குத் தொலைவின் அடிப்படையில் ஒரு முறையை அறிவித்தது. இதன்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடப்படும். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். எனவே இம்முறையிலும் உழவர் தாமே சுடுவதற்கு உரிமை பெறவில்லை. காட்டை ஒட்டி நிலம் உள்ள மலையடிவார உழவர்களுக்கு வேலி, இரவுக் காவல், அரசின் இழப்பீடு ஆகியவையே எஞ்சியுள்ள வழிகளாகும்.

இவற்றையும் பார்க்க

கொல்லிமலை
பச்சைமலை
காட்டுப்பன்றி
வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972