காற்று இறங்கிய பந்தும் கற்ற கல்வியும்

கல்வி ஒன்றே மனிதனை மனிதனாக உயர்த்தும் என்பதை மேடைகளில் பலகாலும் கேட்டு வருகிறோம். அதே உண்மையை ஒரு விளையாட்டுத் திடலில் நின்று உலகுக்கு உணர்த்திய மனிதர் ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நலம். அவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களுள் தோன்றியவர். கூடைப்பந்தைக் கருவியாகக் கொண்டு கல்விப் பணி ஆற்றியவர். அவர் பெயர் ஜான் தாம்சன். அவர் பணியாற்றிய இடம் வாஷிங்டன் நகரிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம்.

நிறுவனத்தின் பழைய கணக்கு

ஜார்ஜ்டவுன் 1789-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட கத்தோலிக்கக் கல்லூரி; இயேசு சபைத் துறவியரின் பொறுப்பில் வளர்ந்தது. அதன் புகழ் பெரிது. அதன் வரலாற்றில் படிந்த கறையும் பெரிது. 1838-ஆம் ஆண்டில் மேரிலாந்துப் பகுதி இயேசு சபையினர் தம் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்து வந்த ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என 272 பேரை லூசியானா மாநிலத்துத் தோட்ட முதலாளிகளுக்கு விற்றனர். பேசிய விலை 1,15,000 டாலர். அப்பணத்தின் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைக்கப் பயன்பட்டது. மனிதரை விற்ற பணத்தில் ஒரு கல்விக்கூடம் பிழைத்தது என்பதே அதன் பொருள்.

அவ்விற்பனை நிகழ்ந்து 134 ஆண்டுகள் சென்றபின், அக்கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகக் கறுப்பினத்தார் ஒருவர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் யார்?

தாம்சன் 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். தந்தையார் எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி. தாயார் ஆசிரியப் பயிற்சி பெற்றிருந்தும் அவ்வேலை வாய்க்காமல் பிறர் வீடுகளில் பணிசெய்தவர். கற்றும் பயன்கொள்ள இயலாத தாய், கல்லாமையின் சுமையை நாள்தோறும் சுமந்த தந்தை என்ற இருவரையும் ஒரே கூரையின் கீழ்க் கண்டு வளர்ந்த பிள்ளைக்குக் கல்வியின் அருமையை வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் அச்சிறுவனின் தொடக்கம் இடர் மிகுந்தது. கண்பார்வைக் குறையால் எழுத்துக்களைச் சரியாகப் படிக்க இயலவில்லை. காரணம் அறியாதோர் அவனை மந்த புத்தியுடையவன் என்று முத்திரை குத்தினர். பின்னர், பரிவுள்ள ஆசிரியை ஒருவரின் முயற்சியால் அவன் படிக்கக் கற்றான். ஒரு குழந்தையின் அறிவை அவசரமாக அளந்து ஒதுக்கிவிடுவது எத்துணைக் கொடுமை என்பதை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

ஏறத்தாழ ஏழடி உயரம் வளர்ந்த அவ்விளைஞர் பிராவிடன்ஸ் கல்லூரியில் பொருளியல் பயின்று 1964-இல் பட்டம் பெற்றார். 1964 முதல் 1966 வரை பாஸ்டன் செல்ட்டிக்ஸ் என்னும் புகழ்பெற்ற தொழில்முறை அணியில் பில் ரசல் என்ற பெருவீரருக்கு மாற்று ஆட்டக்காரராக இருந்தார். அவ்விரு பருவங்களிலும் அந்த அணியே வாகை சூடியது. பெரும்பொழுது இருக்கையில் அமர்ந்திருக்க நேர்ந்தவர் ஆட்டத்தை நுணுகிக் கற்றார். தொழில்முறை ஆட்டத்தைத் தாமே துறந்து வாஷிங்டனுக்குத் திரும்பி, புனித அந்தோனியார் உயர்நிலைப் பள்ளியின் பயிற்சியாளரானார். அங்கு அவரது அணி வென்றவை 122 ஆட்டங்கள். தோற்றவை 28 மட்டுமே. இடையே மாணவர் வழிகாட்டுதல், அறிவுரைத் துறையில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

1972: புதிய பயிற்சியாளர், புதிய அணி

1971-72 பருவத்தில் ஜார்ஜ்டவுன் அணி ஆடிய 26 ஆட்டங்களில் வென்றவை மூன்றே, தோற்றவை 23. 1943-இல் தேசிய இறுதிப் போட்டி வரை சென்று வயோமிங் அணியிடம் தோற்ற பெருமை பழங்கதையாகி விட்டிருந்தது. இந்நிலையில்தான் தாம்சன் அழைக்கப்பட்டார். நிருவாகத்தினரின் எதிர்பார்ப்பு மிக எளியது. எப்போதாவது ஒருமுறை இரண்டாம் நிலைத் தேசியப் போட்டிக்கு அணி அழைக்கப்பட்டால் போதும் என்பதே.

அவர் தம்முடன் கொணர்ந்தவர்களைக் கவனித்தல் வேண்டும். மெர்லின் வில்சன், ஜோனதன் ஸ்மித், கிரெக் புரூக்ஸ் முதலிய தம் பள்ளி மாணவர்களை அவர் அழைத்து வந்தார். முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடலாம் என்ற புதிய விதி அந்த 1972-73 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆதலால் நேற்றுவரை பள்ளிச் சிறுவர்களாயிருந்தோர் இன்று கல்லூரி அணியின் தூண்களாயினர். வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தைக் கைப்பற்றுவதில் வில்சன் முதலாண்டிலேயே தம் திறமையை நிலைநாட்டினார்.

ஆட்டக்காரரோடு ஓர் ஆசிரியையும் வந்தார். அவர் மேரி ஃபென்லன், முன்னாள் கன்னித்துறவி, புனித அந்தோனியார் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஆட்டக்காரர் வகுப்புக்குச் சென்றனரா, கட்டுரை எழுதினரா, தேர்வுக்கு ஆயத்தமாயினரா என்று கண்காணிப்பது அவர் பொறுப்பு. ஆட்டம் நடக்கும்போதும் அவர் அணியின் இருக்கை வரிசையிலேயே அமர்ந்திருப்பார். ஓர் அணியைக் கட்டத் தொடங்கும் பயிற்சியாளர் முதற்கண் தேடிக்கொண்ட துணை ஆசிரியை என்பது நெஞ்சில் நிறுத்தத்தக்கது.

துணியில் எழுதிய வசை

முதற் பருவத்தில் 12 வெற்றி, 14 தோல்வி. இரண்டாம் பருவத்தில் 13 வெற்றி, 13 தோல்வி. முன்னேற்றம் கண்கூடு. ஆயினும் மூன்றாம் பருவமாகிய 1974-75-இல் நடுவே தொடர்ந்து தோல்விகள் நேர்ந்தபோது, சொந்த ஆட்டக்கூடத்திலேயே ஒரு துணி தொங்கவிடப்பட்டது. பயிற்சியாளரின் இனத்தைச் சுட்டும் இழிசொல்லோடு, அவர் வெளியேற வேண்டுமென அதில் எழுதப்பட்டிருந்தது.

மற்றவர் தோற்றால் அது ஆட்டத்தின் தோல்வி. கறுப்பினத்தார் தோற்றால் அது இனத்தின் தோல்வி! இந்த இரட்டை அளவுகோலை அத்துணி வெளிச்சமிட்டுக் காட்டியது. பல்கலைக்கழகம் அவரைக் கைவிடவில்லை. அவரும் தம் பணியைக் கைவிடவில்லை. அதே பருவத்தின் முடிவில் கிழக்குப் பகுதிக் கல்லூரிகளுக்கான போட்டியின் இறுதி ஆட்டத்தில், டெரிக் ஜாக்சன் கடைசி விநாடிகளில் எய்த பந்து கூடையில் விழ, மேற்கு வர்ஜீனியா அணியை ஒரே புள்ளியில் வென்றனர். 1943-க்குப் பின் முதன்முறையாக ஜார்ஜ்டவுன் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. வசைக்கு அவர்கள் தந்த விடை அதுவே.

தோல்வியில் ஓர் அணைப்பு

பின்னர் ஜான் டியூரன், கிரெய்க் ஷெல்ட்டன், எரிக் ஃபிளாய்ட் போன்றோர் வந்தனர். 1979-இல் ‘பிக் ஈஸ்ட்’ என்ற கூட்டமைப்பு தோன்றியபோது அதன் முன்னணி அணிகளுள் ஒன்றாக ஜார்ஜ்டவுன் விளங்கியது. 1981-இல் ஜமைக்காத் தீவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பாட்ரிக் யூயிங் சேர்ந்தார். அணி அசைக்க முடியாததாயிற்று.

1982 மார்ச்சு 29-ஆம் நாள், நியூ ஆர்லியன்ஸ் நகரில் இறுதி ஆட்டம். எதிரணி வட கரோலினா. அவ்வணியின் முதலாண்டு மாணவரான மைக்கேல் ஜோர்டன் எய்த பந்தால் ஜார்ஜ்டவுன் 62-க்கு 63 எனப் பின்தங்கியது. எஞ்சியவை சில விநாடிகளே. அந்நேரத்தில் ஃபிரெட் பிரவுன் என்ற இளைஞர், தம் தோழர் என்று எண்ணி எதிரணி வீரரின் கையிலேயே பந்தைக் கொடுத்துவிட்டார். வாய்ப்பு போயிற்று, வாகையும் போயிற்று.

அப்போது தாம்சன் செய்தது என்ன? இலட்சக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, அவ்விளைஞரைத் தம் நெடிய கைகளால் தழுவிக்கொண்டார். பிழை செய்தவனை ஊரறியப் பழிப்பது எளிது. ஊரறிய அணைத்துக்கொள்வதே ஆசிரியர்க்கு அழகு. ஈராண்டுகள் சென்றன. 1984 ஏப்ரல் 2-ஆம் நாள் சியாட்டில் நகரில் ஹூஸ்டன் அணியை 84-க்கு 75 என்ற கணக்கில் வென்று ஜார்ஜ்டவுன் தேசிய வாகை சூடியது. அவ்வணியில் ஃபிரெட் பிரவுனும் இருந்தார். அவரைத் தாம்சன் மீண்டும் தழுவிக்கொண்டார்.

முதல் கறுப்பினத்தவர் என்ற பட்டம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் நிலைப் பிரிவில் ஆடவர் வாகையை வென்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளர் தாம்சனே. ஆனால் முதல்வர் என்ற பட்டத்தைச் சூட்டிக்கொள்ள அவர் மறுத்தார். 1982-இலேயே செய்தியாளர்கள் இதைப் பற்றி வினவியபோது, தமக்கு முன் தகுதியுடையோர் எவருமே இல்லை என்ற பொருளை அப்பட்டம் தருவதாகச் சுட்டிக்காட்டினார். தகுதியுடையோர் பலர் இருந்தனர். அவர்களுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது என்றார்.

இது முற்றிலும் உண்மை. ஜான் மெக்லெண்டன் என்ற பயிற்சியாளர் கறுப்பின மாணவர்க்கான டென்னசி கல்லூரி ஒன்றின் அணியை 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வேறொரு தேசிய அமைப்பின் வாகை சூடச் செய்தவர். அத்தகையோர்க்குப் பெரிய பல்கலைக்கழகங்களின் கதவுகள் நெடுங்காலம் திறக்கவில்லை. ஒருவர் முதலில் நுழைந்தார் என்று மகிழும்போது, அதுவரை கதவை அடைத்து வைத்தவர் யார் என்ற கேள்வியையும் எழுப்ப வேண்டும் என்பதே அவர் கற்பித்த பாடம்.

மேசைமேல் ஒரு பந்து

தாம்சனின் அலுவலகத்தில் காற்று இறங்கிய கூடைப்பந்து ஒன்று எப்போதும் இருக்கும். தம்மிடம் வரும் இளைஞர்க்கு அவர் அதைக் காட்டுவார். காற்று உள்ளவரை பந்து துள்ளும், உலகம் கைதட்டும். ஒருநாள் முழங்கால் ஒடியும், வயது ஏறும், காற்று இறங்கும். அன்று உன் கையில் என்ன இருக்கும்? இதுவே அப்பந்து எழுப்பிய வினா.

அவ்வினாவுக்கு அவர் தம் செயலால் விடை கண்டார். அவரிடம் நான்கு ஆண்டுகள் முழுமையாகத் தங்கி ஆடிய 78 மாணவருள் 76 பேர் பட்டம் பெற்றனர். கறுப்பின இளைஞர்களை ஆட்டத்திற்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, பட்டமின்றி வெளியே விட்ட கல்லூரிகள் மலிந்திருந்த காலத்தில் இது அரும்பெரும் செயலாகும். ஜைர் நாட்டிலிருந்து 1987-இல் மருத்துவம் பயிலும் எண்ணத்தோடு வந்த டிக்கெம்பே முட்டோம்போ அங்கேதான் சிறந்த ஆட்டக்காரரானார்; மொழியியலிலும் அயலுறவுத் துறையிலும் பட்டம் பெற்றார்; பின்னாளில் தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு கின்ஷாசா நகரில் தம் தாயார் பெயரில் மருத்துவமனை எழுப்பினார். அது 2007-இல் திறக்கப்பட்டது.

திடலை விட்டு வெளியேறிய நாள்

1986 முதல் நடைமுறையில் இருந்த விதியின்படி, பள்ளி மதிப்பெண்ணிலோ பொதுத் தகுதித் தேர்விலோ ஒன்றில் குறைந்த மாணவர் முதலாண்டில் ஆட இயலாது. ஆனால் உதவித்தொகை பெற்றுப் படிக்கலாம். 1989 சனவரியில் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் அந்த உதவித்தொகையையும் பறிக்கும் விதி ஒன்றை இயற்றியது. தரத்தை உயர்த்துவதாகக் கூறப்பட்ட அவ்விதியால் கல்லூரி வாயிலை இழக்கவிருந்தோர் பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மாணவர்கள்.

சனவரி 14-ஆம் நாள் பாஸ்டன் கல்லூரியுடனான ஆட்டம் தொடங்கும் வேளையில், தாம்சன் தம் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உதவிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு அரங்கைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆட்டத்திற்கும் அவர் வரவில்லை. நாடெங்கும் விவாதம் மூண்டது. விதியின் நடைமுறை தள்ளிவைக்கப்பட்டது. 1990-இல் பொருளாதாரத் தேவையுள்ள மாணவர்க்கு உதவி கிடைக்குமாறு திருத்தப்பட்டது. மந்த புத்தியுடையவன் என்று ஒதுக்கப்பட்ட அந்நாளைய சிறுவன், ஒரு தேர்வின் மதிப்பெண்ணால் வேறெந்தச் சிறுவனும் ஒதுக்கப்படுவதைப் பொறுக்கவில்லை.

முடிவுரை

1999 சனவரியில் தாம்சன் பொறுப்பிலிருந்து விலகினார். 27 ஆண்டுகளில் 596 வெற்றிகள்; 239 தோல்விகள். 2020 ஆகஸ்டு 30-ஆம் நாள் அவர் மறைந்தார். அவருக்குப் பின் அணி ஏற்றமும் இறக்கமும் கண்டது. அவர் மைந்தர் 2007-இல் அணியைத் தேசிய அரையிறுதி வரை கொண்டு சென்றார். அவர் மாணவர் யூயிங் 2017-இல் பயிற்சியாளராகி, 2021-இல் கூட்டமைப்பின் வாகையைப் பெற்றுத் தந்தும், பின் நேர்ந்த கடுந்தோல்விகளால் 2023-இல் விலக நேர்ந்தது. எட் கூலி என்ற புதியவர் அப்பொறுப்புக்கு வந்தார். வெற்றிகள் வரும், போகும். அது ஆட்டத்தின் இயல்பு.

ஆனால் வேறொரு மாற்றம் நிலைத்தது. 2016-இல் அப்பல்கலைக்கழகத்தின் புதிய விளையாட்டுக் கட்டடம் தாம்சனின் பெயரால் திறக்கப்பட்டது. 1838-இல் விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களிடம் 2017 ஏப்ரலில் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் மன்னிப்புக் கோரின. விற்பனை ஆவணத்தில் முதற்பெயராக இருந்த ஐசக் ஹாக்கின்சின் பெயர் ஒரு கட்டடத்திற்குச் சூட்டப்பட்டது. யாரை விற்றுக் கடன் அடைத்தார்களோ அவருடைய பெயரும், அந்த அடிமைத்தளையில் உழன்ற இனத்தில் தோன்றிய ஓர் ஆசானின் பெயரும் இன்று ஒரே வளாகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

இளைஞர்களே! திடலில் ஆடுங்கள், வெல்லுங்கள், கைதட்டலைப் பெறுங்கள். ஆனால் அந்த மேசைமேல் இருந்த பந்தை மறவாதீர்கள். பந்தில் அடைத்த காற்று ஒருநாள் இறங்கும். நெஞ்சில் நிறைத்த கல்வி இறங்குவதில்லை.