‘ஏன்’ விகுதியும் ‘ஆள்’ விகுதியும்

கணினியைக் கொண்டு இலக்கியத்தை ஆராயும் துறைக்கு ஒரு தந்தை உண்டு. இத்தாலியப் பாதிரியார் ராபர்தோ பூசா. தாமஸ் அக்வினாஸின் நூல்களில் உள்ள சொற்களையெல்லாம் அடைவாக்க 1949இல் அவர் ஐபிஎம் நிறுவனத்தின் உதவியைப் பெற்றார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். மிலானுக்கு அருகிலுள்ள கல்லராத்தேயில் அவற்றைத் துளை அட்டைகளில் பதித்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களில் சிலரைத் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டு எழுத இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

எனக்கு நெருக்கமானவர் இன்னொருவர்: ஜோசஃபின் மைல்ஸ் (1911–1985). அமெரிக்கக் கவிஞர். பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் 1947இல் நிரந்தரப் பணி பெற்ற முதல் பெண். சிறுவயதிலேயே மூட்டுவாதத்தால் உடல் முடங்கியவர். வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளில் உணர்ச்சிகளைப் பெயரிட்டுச் சொல்லும் சொற்களைக் கணக்கெடுத்து 1942இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்போது கணினி ஏது! பிறகு, சக பேராசிரியர் கை மாண்ட்கோமரி டிரைடன் கவிதைகளுக்கான சொல்லடைவை முடிக்காமலே இறந்துபோக, அவர் பெட்டி பெட்டியாக விட்டுச்சென்ற அட்டைகள் மைல்ஸின் பொறுப்பில் வந்தன. ஐபிஎம் இயந்திரங்களின் துணையோடு அந்த வேலையை நிறைவேற்றினார். 1957இல் வெளியான அந்நூலின் முகப்பில் பதிப்பாசிரியராக இருப்பது மாண்ட்கோமரியின் பெயர். மைல்ஸுக்குக் கிடைத்தது முன்னுரை.

கவிதை எழுதுகிறவள் கவிதையை எண்ணிக்கொண்டிருக்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் மைல்ஸைத்தான் காட்டுவேன். நான் எண்ண உட்கார்ந்ததற்குக் காரணம் ஆராய்ச்சி ஆர்வம் அல்ல. மூன்று தொகுப்புகளுக்குப் பிறகு இரண்டு வருடமாக எழுத்து நின்றுபோயிருந்தது. எதை எழுதினாலும் ஏற்கெனவே எழுதியதுபோல் இருந்தது. எதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று பார்த்துவிடலாமென மூன்று தொகுப்புகளையும் ஒரே கோப்பில் போட்டேன். மாணவி ஒருத்தி சில வரிகளில் நிரல் எழுதித் தந்தாள்.

முதல் பட்டியல் எதற்கும் உதவவில்லை. வீட்டில், வீட்டுக்கு, வீட்டை, வீட்டின் என ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாக எண்ணிவைத்திருந்தது இயந்திரம். அவற்றையெல்லாம் நானே ஒன்றுசேர்த்தபோது ‘வீடு’ பட்டியலின் உச்சிக்குப் போனது. ‘நான்’ எங்கோ கீழே கிடந்தது. அதில் ஏமாறக் கூடாது. தமிழில் ‘நான்’ வினைமுற்றின் வாலில் ஒளிந்திருக்கும். ‘வந்தேன்’ என்றால் போதும். ஆகவே ‘ஏன்’ விகுதியையும் ‘ஆள்’ விகுதியையும் தேடச் சொன்னோம். தேன், நாள், தாள், வாள் எல்லாம் வந்து குவிந்தன. (மாணவி சிரித்துக்கொண்டே இருந்தாள். இலக்கண வகுப்பில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.) அவற்றைக் கையால் நீக்க ஒரு வாரம் ஆனது.

பிறகு வினைமுற்றுகளை அவை வரும் இடத்தோடு சேர்த்து அடுக்கிப் பார்த்தேன். பேருந்து, கல்லூரி, கடற்கரை என்று வந்த கவிதைகளில் சென்றேன், கேட்டேன், சிரித்தேன். வீடு வந்த கவிதைகளில் ஏறக்குறைய எல்லாமே துடைத்தாள், காத்திருந்தாள், விழுங்கினாள். வாசற்படி தாண்டி உள்ளே போனதும் நான் ‘அவள்’ ஆகிவிட்டிருக்கிறேன். மூன்று தொகுப்புகளிலும், பதினேழு வருடமாக. ஒரு விமர்சகரும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

அகத்திணையில் யார் பெயரும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதை வகுப்பில் அழகியலாகவே இத்தனை காலம் நடத்திவந்தேன். பெயர் சுட்டாத அந்தத் தலைவிக்குள் இருந்துகொண்டுதான் வெள்ளிவீதியார் பாடினார். அவருடைய துயரம் அவருடையதுதான் என்று நாம் சொல்ல முடிகிறதென்றால், அகநானூறு 147ஆம் பாட்டில் ஔவையார் அவர் பெயரைச் சொல்லிவைத்ததும் ஒரு காரணம். ஒரு பெண் மறைத்துப் பாடியதை இன்னொரு பெண் பெயரோடு எடுத்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு விகுதிப் பட்டியல் வேண்டியிருந்தது.

‘அவள்’ கவிதைகளில் ஒன்றை எடுத்து, ஆளை ஏன் ஆக்கிப் பார்த்தேன். துடைத்தேன். சரி. காத்திருந்தேன். சரி. ஓசை கொஞ்சம் தட்டியது, அவ்வளவுதான். கடைசி வரியில் நின்றுவிட்டேன். கவிதையில் அவள் நள்ளிரவில் கதவைத் திறந்து வெளியேறுகிறாள். மேடைகளில் அந்த வரிக்குத்தான் கைதட்டல் விழும். நான் வெளியேறவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்து நின்றுவிட்டு, காலையில் இட்லிக்கு மாவு புளித்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

புதிய கவிதையை அந்தத் தாழ்ப்பாளிலிருந்து தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினோரு வரி வந்திருக்கிறது. எல்லாம் ‘ஏன்’ விகுதி.