கோகோ ஷூமன் – ஒரு கிதார்க்காரரின் கதை

எனக்கு ஜாஸ் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வணிகவியல் படித்து வங்கியில் சேர்ந்தவன். பாட்டு என்றால் இளையராஜா, அதை விட்டால் காலையில் சுப்ரபாதம், அவ்வளவுதான். ஆனாலும் ஜெர்மனியின் கோகோ ஷூமன் பற்றிப் படித்ததிலிருந்து அவர் மனதை விட்டுப் போக மறுக்கிறார். அதனால் இந்தப் பதிவு.

1924-ல் பெர்லினில் பிறந்தவர். இயற்பெயர் ஹைன்ஸ் யாகோப் ஷூமன். அப்பா கிறிஸ்தவராக இருந்து, அம்மாவுக்காக யூத மதத்துக்கு மாறியவர். யாகோப் என்ற பெயர் வாயில் நுழையாத ஒரு பிரெஞ்சுத் தோழி வைத்த பெயர்தான் கோகோ.

பையனுக்கு பதினோரு வயது ஆனபோது, 1935-ல், இரண்டு விஷயங்கள் நடந்தன. நியூரம்பர்க் சட்டங்கள் வந்து யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. அடுத்த மாதமே ஜெர்மன் வானொலியில் ஜாஸ் தடை செய்யப்பட்டது. கறுப்பர்களும் யூதர்களும் கலந்து கெடுத்த இசை என்பது நாஜிகளின் வாதம். வேடிக்கை என்னவென்றால், போர்க் காலத்தில் ஆங்கிலேயர்களுக்குப் பிரச்சாரம் செய்வதற்கென்று கோயபல்ஸின் அமைச்சகமே ஒரு ஜாஸ் குழுவை வைத்திருந்தது! தடையெல்லாம் ஊருக்குத்தான்.

கோகோ கிதாரும் டிரம்ஸும் தானாகவே கற்றுக்கொண்டவர். பதினாறு, பதினேழு வயதிலேயே பெர்லின் மதுக்கூடங்களில் திருட்டுத்தனமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு இரவு எஸ்.எஸ். ஆள் ஒருவன் உள்ளே வர, இவர் அவனிடமே போய், என்னைத்தான் நீங்கள் கைது செய்யவேண்டும், எனக்கு வயது போதாது, நான் யூதன், போதாக்குறைக்கு ஸ்விங் வேறு வாசிக்கிறேன் என்றாராம். அவன் உட்பட எல்லோரும் ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டார்கள். பிற்காலத்தில் அவரே சொன்ன சம்பவம் இது.

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1943 மார்ச்சில் யாரோ காட்டிக்கொடுத்தார்கள். தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். இன்றைய செக் குடியரசில் இருக்கும் கோட்டை நகரம் அது. சுமார் 1,40,000 யூதர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 33,000 பேர் அங்கேயே பசியாலும் நோயாலும் செத்தார்கள். 88,000 பேருக்கும் மேல் ஆஷ்விட்ஸ் போன்ற கொலை முகாம்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள்.

அந்த ஊரில் ஒரு ஜாஸ் குழு இருந்தது. பெயர் 'கெட்டோ ஸ்விங்கர்ஸ்'. அதன் டிரம்ஸ் வாசிப்பாளரை அப்போதுதான் கிழக்கே அனுப்பியிருந்தார்கள். காலியான அந்த இடத்தில் கோகோ உட்கார்ந்தார். ஒருவர் சாகப் போனதால் இன்னொருவருக்கு வேலை. இதை எப்படி எழுதினாலும் மனசு கூசுகிறது.

1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வந்தபோது ஊருக்கு வெள்ளையடித்தார்கள், பூச்செடி வைத்தார்கள். பிறகு, கைதியாக இருந்த நடிகர் குர்ட் கெரோனையே இயக்கவைத்து ஒரு பிரச்சாரப் படமும் எடுத்தார்கள். கெட்டோ ஸ்விங்கர்ஸ் வாசிக்கும் காட்சி அதில் உண்டு. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், நடித்தவர்களையும் வாசித்தவர்களையும் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றிவிட்டார்கள். கெரோன் அங்கே கொல்லப்பட்டார். குழுவின் கிளாரினெட் கலைஞர் ஃப்ரிட்ஸ் வைஸும்தான்.

கோகோ ஆஷ்விட்ஸிலும் வாசித்தார். எஸ்.எஸ். ஆட்களுக்குப் பிடித்த 'லா பலோமா'வை, விஷவாயு அறைக்குப் போகிறவர்கள் கண்ணெதிரே கடந்துபோக, வாசிக்க வேண்டியிருந்தது. அந்தக் குழந்தைகளின் கண்களைத் தன்னால் மறக்கவே முடியவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1945 ஜனவரியில் டாக்காவ் முகாமின் கிளையான காஃபரிங்குக்கு மாற்றப்பட்டார். அங்கே டைஃபஸ் காய்ச்சல். ஏப்ரலில் கைதிகளை நடக்கவைத்தே கொண்டுபோனபோது அமெரிக்கப் படைகள் வந்து விடுவித்தன. அப்போது அவருக்கு இருபத்தொரு வயதுகூட ஆகவில்லை.

நம்மில் பலருக்கும் உறைக்கக்கூடியது இதற்குப் பிறகு நடந்ததுதான். அவர் பெர்லினுக்கே திரும்பினார்! ஹெல்முட் சகாரியாஸின் குழுவில் சேர்ந்தார். ஜெர்மனியில் முதன்முதலாக மின் கிதார் வாசித்தவர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கினார். 1950-ல் மனைவி குழந்தையோடு ஆஸ்திரேலியா போனார். மனைவியும் தெரேசியன்ஸ்டாட்டில் இருந்து பிழைத்தவர்தான். மெல்போர்னில் வேலைக்குக் குறைவில்லை. ஆனாலும் ஊர் இழுத்தது. 1954-ல் மறுபடி பெர்லின்.

கொல்லப் பார்த்த ஊருக்கு எப்படி ஐயா திரும்பிப் போக முடிந்தது? மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராய் அலைகிற எனக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்கிறது. நமக்கெல்லாம் ஊர் என்றால் அம்மாவின் சமையலும் கோயில் திருவிழாவும். அவருக்கு அதே ஊரில்தான் காட்டிக்கொடுத்தவனும் இருந்தான், கிதார் கற்றுக்கொண்ட தெருவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் ஊர் என்று ஏற்றுக்கொண்டார் போலிருக்கிறது.

முகாமைப் பற்றிப் பல வருடங்கள் அவர் பொதுவில் வாயே திறக்கவில்லை. கேட்கிறவர்கள் வாசிப்புக்குக் கைதட்டாமல் பரிதாபத்துக்குக் கைதட்டிவிடுவார்களோ என்ற தயக்கம். முகாமில் இருக்க நேர்ந்த இசைக்கலைஞன் நான், இசை வாசிக்கிற முகாம் கைதி அல்ல என்பது அவர் கட்சி. கப்பலில், நடன அரங்கில், வானொலியில் என்று கிடைத்த இடத்திலெல்லாம் வாசித்துப் பிழைத்தார். 1997-ல்தான் தன் வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார். அதற்குள் எழுபத்து மூன்று வயது. பிறகு தன் நால்வர் குழுவோடு மேடையேறினார், பள்ளிப் பிள்ளைகளிடமும் போய்ப் பேசினார்.

2018 ஜனவரி 28-ல் பெர்லினில் காலமானார். வயது 93.

வீட்டில் பிள்ளைகள் கிதார் வேண்டும், கீபோர்டு வேண்டும் என்று கேட்டால், அதை வைத்து என்ன பண்ணப்போகிறாய் என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். நானும் கேட்டவன்தான். இனிமேல் கேட்கமாட்டேன்.