ரிசோவிலிருந்து கயத்தாற்றுக்கு

தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தில் சாரலைக் கொட்டிவிட்டுச் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்குகிறது. குத்துக்கல்வலசையைத் தாண்டிச் சுரண்டைப் பக்கம் போகும்போது அதில் ஈரம் குறைந்து வேகம் மட்டும் மிஞ்சியிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை அங்கே காற்றாலைக் காத்தாடிகள் ஓய்வதில்லை. கோடிக்கணக்கில் பணம் போட்டு இவற்றை நிறுவலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அது டென்மார்க்கில் தொடங்குகிறது.

ரோஸ்கில்ட நகருக்கு அருகிலுள்ள ரிசோ, அணு ஆராய்ச்சிக்காக எழுந்த இடம். 1978-இல் அங்கே காற்றாலைகளைச் சோதிக்க ஒரு சிறு நிலையம் திறந்தார்கள். மறு ஆண்டு, காற்றாலை வாங்குவோருக்கு விலையில் 30 சதவீத மானியம் தர அரசு முன்வந்தது. ஆனால் ரிசோ ஒப்புதல் அளித்த மாதிரிகளுக்கு மட்டுமே அந்தப் பணம். புயலில் இறக்கைகள் பிய்ந்து விழுந்தபோது, பிரேக் பழுதானாலும் இறக்கையே காற்றை மறித்துச் சுழற்சியை அடக்க வேண்டும் என்று ரிசோ கட்டாயமாக்கியது. காற்றாலை வைத்திருந்தவர்களின் சங்கமோ எந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தந்தது, எது பழுதானது என்று மாதந்தோறும் தன் இதழில் அச்சிட்டது. விற்கிறவரின் பேச்சை மட்டும் நம்ப வேண்டிய நிலை அங்கே போயிற்று.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. பிறகு டென்மார்க்கின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காத்தாடிகள் எழுந்தன. இயந்திரம் வந்தது, சோதனை உடன் வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் முதலாண்டிலேயே 100 சதவீதத் தேய்மானத்தை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றதும் ஆலை முதலாளிகள் போட்டி போட்டு வாங்கினார்கள். நிறுவினாலே வரி மிச்சம் என்றால் அது ஓடுகிறதா என்று யார் கவலைப்படுவார்? வரிச் சலுகையால் கலிஃபோர்னியா பத்தாண்டு முன்பே பட்ட பாடு இது. சலுகை கொடுத்தது தவறில்லை. சோதனைச் சான்றோடு அதை முடிச்சுப் போடாததே தவறு.

அந்த முடிச்சு விழக் கொஞ்ச காலமாயிற்று. இன்று தேசிய காற்றாற்றல் நிறுவனம் எனப்படும் அமைப்பு 1998-இல் சென்னையில் உருவானது. டென்மார்க்கின் பண உதவியும் ரிசோவின் அனுபவமும் சேர்ந்து கயத்தாற்றில் சோதனை நிலையம் வந்தது.

சோதனை பொறுமையான வேலை. காத்தாடியிலிருந்து இறக்கை விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு தூரத்தில் ஓர் அளவுக் கம்பம் நடுவார்கள். இறக்கையின் நடுமையம் இருக்கும் அதே உயரத்தில் அதில் காற்றுவேகமானி சுழலும். பத்து நிமிடச் சராசரியாகக் காற்றின் வேகத்தையும் மின் உற்பத்தியையும் பதிந்து, வேகத்துக்கு ஏற்ற உற்பத்தியை வளைகோடாக வரைவார்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகத்தை 10 சதவீதம் கூட்டிச் சொன்னால் ஆற்றல் கணக்கு 33 சதவீதம் ஊதிப்போகும். அதனால்தான் அளப்பவருக்கு விற்பனையில் பங்கு இருக்கக் கூடாது. காற்றும் ஊருக்கு ஊர் வேறு. ஏட்டுக் கணக்கு 15 டிகிரிக் காற்றுக்குப் போட்டது. நம் 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. அந்நிய ஊரின் வளைகோட்டை அப்படியே நம்பினால் நட்டம் நமக்கு.

சான்று பெற்ற மாதிரிகளின் பட்டியலை அரசு வெளியிட்டது. கடன் கொடுப்பவர்களுக்கும் மின்வாரியங்களுக்கும் அது பிடிமானமாயிற்று.

இப்போது காத்தாடி வாங்காதவர்களும் வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போடுகிறார்கள். அவர்களுக்கும் இதே பாடம்தான். முன்பணம் கொடுக்கும் முன் தகட்டில் ஐ.எஸ். 14286 என்ற எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பதிவெண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் நீங்களே சரிபார்க்கலாம். எண்ணைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.