துணை மருந்தின் கதை

நோய்க்கிருமியின் அடையாளத்தை உடலுக்கு முன்கூட்டியே காட்டிவைப்பதுதான் தடுப்பூசி என்று படித்திருப்பீர்கள். ஆயினும், கள்வனின் அடையாளத்தைச் சொன்னால் மட்டும் போதுமா? உறங்கும் காவலரைப் பறையடித்து எழுப்பவும் வேண்டுமன்றோ! இவ்வுண்மை விளங்கிய வரலாற்றையே நான் சொல்ல வந்தேன்.

கதை குதிரை லாயத்தில் தொடங்குகிறது. பிரான்சு நாட்டுப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த காஸ்தோன் ரமோன், தொண்டை அடைப்பான் நோய்க்குரிய மாற்று மருந்தைப் பெறுவதற்காகக் குதிரைகளுக்கு ஊசி போட்டு வந்தார். ஊசி குத்திய இடத்தில் சீழ்க்கட்டி கண்ட குதிரைகளின் இரத்தத்தில் நஞ்சுமுறிப் பொருள் மிகுந்திருந்தது. அத்தகைய எரிச்சலை நாமே உண்டாக்கினால் என்ன என்று எண்ணினார்; ஊசி மருந்தோடு மரவள்ளி மாவு போன்றவற்றைக் கலந்து பார்த்தார். பயன் பெருகிற்று. அம்முடிவை 1925-ல் வெளியிட்டார். மறு ஆண்டே இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி, படிகாரத்தைச் சேர்த்து வெற்றி கண்டார். அலுமினிய உப்புகள் இன்றளவும் பல தடுப்பூசிகளில் துணை மருந்தாக நிற்கின்றன.

இனி இன்புளூயன்சாவுக்கு வருவோம். 1918-ல் தொடங்கிக் கோடிக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்ட நோய் அது. அதன் வைரஸ் மேலாடையை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஒரு புரதமோ அவ்வளவாக மாறுவதில்லை. ஜெஃப்ரி உல்மர், மார்கரெட் லியூ முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1934-ஆம் ஆண்டு வைரஸின் அந்த உட்புரதத்துக்குரிய டி.என்.ஏ.வை எலிகளின் தசையில் செலுத்தினர். எலிகளின் செல்களே அப்புரதத்தை ஆக்கின. பின்னர் 1968-ஆம் ஆண்டு வைரஸை அவ்வெலிகளுக்கு ஏற்றியபோதும் காப்பு நின்றது. 1993-ல் வெளியான இச்செய்தி உலகை வியக்கவைத்தது.

ஆனால், எலியிடம் வென்ற முறை மனிதரிடம் தளர்ந்தது. செல்லுக்குள் நுழையும் டி.என்.ஏ. சிறிது, எழும் பறையொலியும் மெல்லியது. ஆகவே ரமோனின் பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது. இம்முறை கலந்தது மாவன்று. நம் உடலே தூதாக அனுப்பும் புரதங்களுக்குரிய டி.என்.ஏ. கிருமியை இனங்காட்டும் செல்களைப் பெருக்குவது ஜி.எம்.-சி.எஸ்.எப்.; கிருமி புகுந்த செல்லை அழிக்கும் வீரர்களை ஊக்குவது இன்டர்லூக்கின்-12. இவற்றை உட்புரத டி.என்.ஏ.வோடு சேர்த்தபோது எலிகளில் அவ்வீரர்களின் ஆற்றல் மிகுந்ததென அகிகோ இவாசாகி குழுவினர் 1997-ல் காட்டினர்.

எனினும் ஓர் எச்சரிக்கை: பறை ஓயாது முழங்கினால் ஊரே கலங்கும், அழற்சி மிகுந்தால் உடலுக்கே தீங்கு. அளவறிந்து எழுப்புவதே அரிது. 2021-ல் இந்தியாவில் கொரோனாவுக்கு எதிராக, மனிதருக்கான முதல் டி.என்.ஏ. தடுப்பூசி அவசர அனுமதி பெற்றது. அதற்கும் மூன்று தவணைகள் வேண்டியிருந்தன. இன்புளூயன்சாவுக்கோ அத்தகைய தடுப்பூசி இன்னும் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது.

கட்டி கண்ட குதிரையைப் பழுதென்று ஒதுக்காமல், ஏன் என்று கேட்டார் ரமோன். எஞ்சிய வினாக்கள், இளைஞர்களே, உங்களுக்காகக் காத்திருக்கின்றன.